நேரத்துக்கு வேலைக்குப் போனவர்கள்

எங்கள் வீட்டுக்கென்று ஒரு சாட்சி உண்டு. கர்த்தர் செய்த நன்மையைச் சபை நடுவில் எழுந்து நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். எங்களுடைய சாட்சியின் திகதி 1996 ஜனவரி 31, புதன்கிழமை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முதல்நாள் இரவிலிருந்து நெருப்பாகக் காய்ச்சல். அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அப்பா கந்தோருக்குப் போகாமல் என்னோடு நின்றார். அப்பாவின் கந்தோர் கொழும்புக் கோட்டையில், மத்திய வங்கிக்குக் கிட்ட. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்பு விடுதலைப் புலிகளின் வெடிமருந்து லொறி மத்திய வங்கியில் மோதி வெடித்தது. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயப்பட்டார்கள். கண்ணாடி சிதறிப் பார்வை போனவர்கள் பலர். அப்பாவின் மேசை இருந்த மாடியில் ஒரு ஜன்னலும் மிஞ்சவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஜனவரிக் கடைசி ஞாயிறில் அப்பா எழுந்து இதைச் சொல்வார். "பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுத்து என்னைக் காப்பாற்றின தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று முடிப்பார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்று சொல்லும். காய்ச்சல் என்னுடையது என்பதால் எனக்குள்ளே ஒரு பெருமை. வளர்ந்த பிறகு யாருக்காவது ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

மாஸ்டருக்கும் இதைத்தான் சொன்னேன்.

மாஸ்டர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்கும் போக மாட்டார், சேர்ச்சுக்கும் வரமாட்டார். ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நல்ல பேச்சு என்றால் போய்க் கடைசிக் கதிரையில் இருப்பார். மற்றப்படி பாதி நாள் தமிழ்ச் சங்க நூலகத்தில். எங்கள் சபையின் கணக்கில் அவர் அவிசுவாசி. 2017இல் ஊழியக் குழு ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்துச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் புறப்பட்டபோது எனக்கு விழுந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று.

கைப்பிரதியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி மட்டும் வாசித்தார். ஒரு சந்திப்பிழையைக் காட்டினார். இருக்கச் சொல்லிப் பிளேன்ரீ தந்தார். நான் சாட்சியைச் சொன்னேன். ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்த பிறகு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்டைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போன ஆக்களுக்காக ஒருத்தரும் ஜெபிக்கேல்லையோ, பிள்ளை?"

அதில் கேலி இருக்கவில்லை. மாணவி எழுதிய கணக்கில் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்று தொட்டுக் காட்டுகிற குரல்தான். தேவனுடைய சித்தம் நமக்கு விளங்காது என்பதுபோல ஏதோ சொன்னேன். சொல்லும்போதே அது மறுமொழி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த இரண்டு கிழமையும் நான் செய்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அவருடைய கேள்விக்கு மறுமொழி தேடி அலைந்தேன். காணொளிகள் பார்த்தேன். வேத பாட வகுப்புக் குறிப்புகளைக் கிளறினேன். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுயாதீனம், பாவத்தின் விளைவு, மறுமையில் கிடைக்கப்போகும் நியாயம் என்று மூன்று நியாயங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாய்த்தான் யோசிச்சிருக்கிறீர். ஆனா இதெல்லாம் நான் கேக்காத கேள்விக்கு மறுமொழி" என்றார்.

காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனமும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த வசனம்தான். அந்த வசனம் சொல்கிற வெட்கத்தை அந்த விறாந்தையில்தான் முதல்தடவை உணர்ந்தேன்.

மாஸ்டர் ஏன் நம்புவதில்லை என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். அவருடைய அலுமாரியில் ஆபிரகாம் கோவூரின் புத்தகங்கள் இருந்தன. கோவூர் கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் மார்த்தோமா சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இலங்கைக்கு வந்து தாவரவியல் படிப்பித்து, ஓய்வுக்குப் பிறகு இங்கே பக்கத்தில் பாமன்கடையில் இருந்துகொண்டு பேய், சூனியம், அற்புதம் என்பவற்றையெல்லாம் சோதித்து எழுதியவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்திருந்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் பெறவில்லை. மாஸ்டர் இளவயதில் அவருடைய பேச்சுகளுக்குப் போனவர். சரி, கோவூரை வாசித்துக் கெட்டுப்போன மனிதர் என்று நான் முடித்துவிட்டேன். ஒரு மனிதரின் ஐம்பது வருட யோசனையை அவருடைய புத்தக அலுமாரியைப் பார்த்தே அளந்துவிட்டேன்.

கோவூரின் தகப்பன் ஒரு குருவானவர் என்பதில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம்பாதவர் எல்லோரும் சுவிசேஷத்தைக் கேட்காதவர் என்றே நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். பலபேர் எங்களைவிட நன்றாகவே கேட்டிருக்கிறார்கள். எங்கள் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர். அவரளவுக்கு அந்த நூலை அறிந்த கிறிஸ்தவர் அன்றைய யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகச் சனங்கள் சமயம் மாறுகிறார்கள் என்பது அன்றைய சைவர்களின் மனக்குறை. அது வெறும் பழிச்சொல் அல்ல. அதற்கு முன்பு ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றால்தான் அரச உத்தியோகம் என்றிருந்தது, ஒல்லாந்தர் போனதும் பெருந்தொகையானோர் பழைய சமயத்துக்கே திரும்பினார்கள். நாவலர் கிறிஸ்தவராகவில்லையே என்று ஆதங்கப்படுகிற பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர் எங்களில் என்ன குறை கண்டார் என்று தேடி வாசித்தவர்களை மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

தமிழ்ச் சங்க நூலகத்தில் மாஸ்டர் எடுத்துத் தந்த புத்தகங்களில் பாணந்துறை வாதத்தைப் பற்றியும் வாசித்தேன். 1873 ஆகஸ்டில், கொழும்பிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் பௌத்தத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இரண்டு நாள் நேருக்கு நேர் வாதம். பௌத்த தரப்பில் கொட்டாஞ்சேனை விகாரையில் இருந்த மீகெட்டுவத்தே குணானந்த தேரர். எங்கள் தரப்பில் டேவிட் டி சில்வா போதகர். தேரர் வேதாகமத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்து ஊர்ச்சனங்களின் பேச்சில் பேசினார். போதகர் பாளியும் சமஸ்கிருதமும் கலந்த கல்விமான் மொழியில் பேசினார். சனம் யார் பக்கம் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வாதத்தின் அறிக்கை அமெரிக்கா வரைக்கும் போய், அதை வாசித்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1880இல் இங்கே வந்து இறங்கினார், பௌத்த மறுமலர்ச்சி புதிய வேகம் எடுத்தது.

என்னை உறுத்தியது தோல்வி அல்ல. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே டானியல் கோகர்லி என்ற மிஷனரி பாளி கற்று, பௌத்த நூல்களை மூலத்திலேயே வாசித்து, அவற்றை மறுத்துச் சிங்களத்தில் நூல் வெளியிட்டார். அந்தக் கடும் உழைப்பு முழுவதும் மறுப்பதற்காக. மற்றவரை விளங்கிக்கொள்வது என்றால் எங்கே குத்தினால் விழுவார் என்று கண்டுபிடிப்பது என்று ஆகிவிட்டது. என் கையில் இருந்த மூன்று நியாயத் தாளும் அதே சரக்குத்தான்.

சொற்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா சைவம். வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வருவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒருவன் மறுபடியும் பிறந்தால்தான் தேவனுடைய ராஜ்யத்தைக் காண்பான் என்று இயேசு சொன்னதைச் சொன்னேன். அக்கா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னொருக்காப் பிறக்கிறதோ? இந்தப் பிறவி போதுமெண்டுதானே நான் அம்மனைக் கும்பிடுறன்" என்றார். நான் நற்செய்தி என்று நீட்டியது அவருக்குத் தண்டனையாகக் கேட்டிருக்கிறது. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்று சிவபுராணத்தைத் தினமும் ஓதுகிறவருடைய காதில் வேறு எப்படிக் கேட்கும்?

அதன் பிறகு எங்கள் சொற்களை ஒவ்வொன்றாக அவருடைய காதால் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். தேவன் என்றால் அவருக்குத் தேவலோகத்தில் இருக்கும் பலரில் ஒருவர். நித்திய ஜீவன் என்பது, பிறவி அறுபட வேண்டும் என்று விரும்புகிறவருக்கு முடிவில்லாத நீட்சி. எங்கள் பக்கத்து வீட்டுப் பௌத்த அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்கும். ஆட்டுக்குட்டியின் இரத்தத்தால் கழுவப்பட்டேன் என்று நாங்கள் மனம் உருகிப் பாடுகிறோம். மரக்கறி மட்டுமே சமைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த வரி எப்படி இருக்கும் என்று நான் நாற்பது வயதை நெருங்கும்வரை யோசித்ததில்லை. 'நீ பாவி' என்ற சொல் வேறு. எங்களுக்கு அது எல்லா மனிதரின் நிலை. அவருக்கு அது வசவு.

இதற்காக எங்கள் சொற்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுபடியும் பிறப்பதைப் பற்றி இயேசு நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் நிக்கொதேமுவும் இதே இடத்தில்தான் தடுக்கினார், தாயின் வயிற்றில் மறுபடியும் எப்படி நுழைவது என்று கேட்டார். இயேசு அவரை விரட்டிவிடவில்லை, இருந்து விளக்கினார். இப்போது அந்த அக்காவிடம் 'மறுபடியும் பிறத்தல்' என்று சொல்வதற்கு முன்பு, பிறவி ஏன் அவருக்கு இவ்வளவு களைப்பாக இருக்கிறது என்று கேட்கிறேன். அவர் சொல்வதைக் கேட்டால் சில நாட்களில் பகல் இடைவேளையே போதாது.

அப்புறம், எங்களைக் கண்டதும் கதவைப் பாதி மூடுகிறவர்கள். 'மதம் மாத்துற ஆக்கள்' என்று எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொதியோடு வேதாகமமும் வந்தது என்ற கதையை எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன். அதே 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவில்லை. அந்தச் சட்டமூலம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கைதட்டிய என் அயலவர்களின் பயம் பொய் என்று நினைக்கவில்லை. பிள்ளையின் பெயரை மாற்றி, பொட்டை அழித்து, தாய் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடாதே என்று பழக்கிய சபைகளை அவர்களும் கண்டிருக்கிறார்கள், நானும் கண்டிருக்கிறேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்கள், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று ஒரே காலையில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பின் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி கொளுத்தப் போவார்கள், அந்த அக்காவும் போவார். அன்றைக்கு இரவு ஊரடங்கு. வானொலியை நிறுத்தவும் பயம், கேட்கவும் பயம். அடுத்த நாட்களில் நாடு முழுவதும் வெள்ளைக் கொடி. எங்கள் ஒழுங்கையில் கயிறு கட்டிக் கொடி தொங்கவிட்டது மாஸ்டர். எழுபது தாண்டிய மனிதர் ஸ்ரூலில் ஏறி நின்று ஒவ்வொரு தூணாகக் கட்டினார். நான் ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கடவுள் எங்கே போனார் என்று அவர் கேட்பார் என்று பயந்துகொண்டுதான் நின்றேன். அவர் கேட்டதெல்லாம், "மற்றப் பக்கம் கயிறு தொய்யுதோ?" என்பது மட்டும்.

அதற்குப் பிந்திய வாரங்களில் எங்கும் சாட்சிகள். பிள்ளைக்குச் சப்பாத்துத் தேடியதில் பூசைக்குப் பிந்திவிட்டோம், கர்த்தர் காத்தார். ஓட்டோ கிடைக்கவில்லை, கர்த்தர் காத்தார். சொன்னவர்கள் நடுங்கிக்கொண்டே சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தப்பியவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னபோது என் வாய் திறக்கவில்லை. நேரத்துக்குப் போனவர்கள்தான் என் மனதில் நின்றார்கள். புதுச்சட்டை போட்டு, நேரத்தோடு போய், முன் வாங்கில் இடம் பிடித்துக் கொடுத்த பிள்ளைகள். அவர்களுடைய தாய்மார் இந்தச் சாட்சியைக் கேட்டால்? மாஸ்டரின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் முழுமையாக இறங்கியது. அது கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே அல்ல. நான் கடவுளைப் பற்றிச் சொல்லும் கதையில் செத்தவர்களுக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வி.

மறுமொழி எதையும் எடுத்துக்கொள்ளாமல் போய், "மாஸ்டர், நீங்கள் அண்டைக்கு ஏன் அப்பிடிக் கேட்டனீங்கள்?" என்றேன். பழக்கம் தொடங்கி இரண்டு வருடம் கழித்து.

அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். இருபத்து நான்கு வயது. புறக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. 1983 ஜூலை 25, தமிழருக்கு எதிரான கலவரம் கொழும்பில் பரவிய திங்கட்கிழமை காலை, நேரத்தோடு வேலைக்குப் போனார். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

"போகேக்க அம்மா நெத்தியில திருநீறு பூசிவிட்டவ. ஒவ்வொரு நாளும் பூசிறது. அந்தத் திருநீறு கண்டுதான் பிடிச்சாங்களோ எண்டு அம்மா சாகும்மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தா. கோவூர் சொன்னது மூளைக்கு, பிள்ளை. அம்மா கேட்டதுக்கு அவரிட்டயும் மறுமொழி இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்களே, அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அன்றைக்கு மழை. பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

இன்னொரு நாள், மரைன் டிரைவ் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, அவரே நேராகக் கேட்டார்: "நீர் இப்பிடி வந்து வந்து கேக்கிறது கடைசியில என்னைப் பிடிக்கத்தானோ?" எனக்குச் சுருக்கென்றது. மறைக்கவில்லை. நீங்கள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்று நான் ஆசைப்படுவது உண்மை, தினமும் அதற்காக ஜெபிக்கிறேன், அப்படி நடக்காவிட்டாலும் நான் வருவேன் என்றேன். கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தார். புகையிரதம் ஒன்று கடந்து போனது. "ஒளிக்காமல் சொன்னது நல்லது" என்றார்.

விளங்கிக்கொள்வது வேறு, விசுவாசத்தைச் சொல்லாமல் அடக்கிவைப்பது வேறு. சில நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் ஒன்றுதானே, பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது சரிவராது. எனக்குக் கிடைத்தது பெரியது என்று நம்புகிறேன், அதனால் சொல்லாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான டி. டி. நைல்ஸ், நற்செய்தி சொல்வது ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரருக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைச் சொல்வது போன்றது என்பார். முன்பெல்லாம் அதில் சாப்பாடுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் பசி என்பதை மாஸ்டரோடு பழகிய பிறகுதான் கவனித்தேன்.

மாஸ்டர் என்னிடம் வேதாகமம் இரவல் கேட்டது கொரோனா ஊரடங்கில், நூலகம் பூட்டிக் கிடந்தபோது. முதலில் யோபுவைத்தான் வாசித்தார். திருப்பித் தரும்போது கடைசி அதிகாரத்தில் ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இருந்தது. தேவன் யோபுவின் நண்பர்கள்மேல் கோபம் கொண்டு, யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாகப் பேசவில்லை என்று சொல்கிற இடம்.

"இவையள் முழுக்கக் கடவுளுக்காகக் கதைச்ச ஆக்கள். சண்டை பிடிச்சவன் மற்றவன். கடவுள் சண்டை பிடிச்சவன்ர பக்கம் நிக்கிறார். உங்கட சபையில இதை வாசிக்கிறவையோ?"

வாசிக்கிறோம் என்றேன். ஆனால் அந்த வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. அவர் இன்னும் நம்பவில்லை. அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் இப்படியான கட்டுரைகளின் கடைசியில் யாராவது ஒருவர் ஞானஸ்நானம் எடுத்துவிடுவார்.

இந்த ஜனவரியில் சாட்சி ஞாயிறுக்கு முதல்நாள் இரவு அப்பாவிடம் மாஸ்டரின் கேள்வியைச் சொன்னேன். எட்டு வருடமாக வீட்டுக்குள் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி. அப்பாவுக்கு மனம் நோகும் என்று பயந்தேன். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் சபையில் எழுந்து வழக்கம்போலத் தொடங்கினார். திகதி, காய்ச்சல், லொறி. பிறகு நிறுத்தினார். அடுத்த மேசையில் இருந்த நண்பரைப் பற்றிச் சொன்னார். எங்களைப்போல ஒரு சபைக்காரர். காலையில் வேலை தொடங்குமுன் மேசையில் தலை கவிழ்ந்து ஜெபிப்பவர். அன்றைக்கும் ஜெபித்திருப்பார். அவர் வீடு திரும்பவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதே சாட்சியைச் சொல்லிவந்த அப்பா அந்த மனிதரின் பெயரை ஒருதடவையும் சொன்னதில்லை. "ஏன் அவர், ஏன் நான் எண்டு எனக்குத் தெரியாது. நான் நன்றி சொல்லுறன். அவருக்காக அழுகிறன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின் வாங்கில் ஒரு அம்மா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்னேரம் போய் மாஸ்டருக்கு இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்த மனிசன்ர வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கினம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்ததாக அப்பா சொல்கிறார், அப்போது கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. அப்பா பழைய விலாசப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் மூன்று பேருமாகப் போவதாக இருக்கிறோம்.